வன்னியில் தனியே பயணம்: எந்த வண்டி, எந்த நேரம், எந்தச் சந்தி?

"துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போ." முல்லைத்தீவில் ஆசிரியர் நியமனம் கிடைத்த பெண்ணுக்கும், வழக்குக்காக வவுனியா நீதிமன்றத்துக்குப் போகும் பெண்ணுக்கும், கிளிநொச்சி வைத்தியசாலையில் கிளினிக் இருக்கும் அம்மாவுக்கும் ஊரில் கிடைக்கும் ஆலோசனை இது ஒன்றுதான். சொல்பவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் துணைக்கு வருகிறவருக்கு ஒருநாள் கூலி போகும். போரில் கணவனையும் தமையனையும் இழந்த வீடுகள் இத்தனை இருக்கிற மண்ணில் அந்தத் துணை எங்கிருந்து வரும் என்பதை யாரும் சொல்வதில்லை. கடைசியில் எட்டு வயது மருமகனை 'ஆண் துணை' என்று கையில் பிடித்துக்கொண்டு பெண்கள் பஸ் ஏறுகிறார்கள். பரந்தன் தாண்டியதும் அவனுக்கு வாந்தி வரும்போது யாருக்கு யார் துணை என்பது தெரிந்துவிடும்.

ஆகவே துணை இல்லை என்று வைத்துக்கொண்டே பேசுவோம். இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ், தனியார் பஸ், ரயில், ஆட்டோ, சொந்த ஸ்கூட்டி, நாலைந்து பேர் சேர்ந்து பிடிக்கும் மாதக்கூலி வான் ஆகியவைதான் கையில் இருப்பவை. இவற்றில் எது பாதுகாப்பு என்று கேட்டால், அந்தக் கேள்வியையே கொஞ்சம் நகர்த்தி வைக்கச் சொல்வேன். கண்டியிலிருந்து வவுனியா, கிளிநொச்சி வழியாக யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியில் ஓடும் வண்டிக்குள் நடப்பவை அருவருப்பானவை, பல வேளைகளில் குற்றமும்கூட. ஆனாலும் அங்கே சுற்றிலும் ஆட்கள் இருக்கிறார்கள். வண்டியை விட்டு இறங்கிய பிறகு, சந்தியிலிருந்து உள்ளே வீடு வரை கிடக்கும் மூன்று நாலு கிலோமீற்றரில்தான் ஆளில்லை. எனவே வண்டியைத் தெரிவுசெய்வதற்கு முன் அது உங்களை எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் இறக்கிவிடும் என்று பாருங்கள். இருக்கை, வேகம், கட்டணம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

பஸ்

இ.போ.ச. பஸ்ஸையும் தனியார் பஸ்ஸையும் ஒன்றாகப் பார்க்க முடியாது. தனியார் பஸ் விரைவில் கொண்டுபோய்ச் சேர்க்கும், சொன்ன இடத்தில் நிறுத்தும். ஆனால் முன்னால் போகும் பஸ்ஸை முந்துவதற்காகப் பறக்கும், இல்லாவிட்டால் ஆள் சேரும்வரை சந்தியில் நிற்கும். மிதிபலகை வரை ஆள் ஏற்றினால்தான் அவர்களுக்குக் கட்டும். அந்த நெரிசல்தான் உரசுகிறவனுக்கு வாய்ப்பு. இ.போ.ச. பஸ்ஸும் காலை ஏழு மணிக்குக் காற்றோட்டமாக ஓடுவதில்லை. ஆனால் அங்கே நடத்துநர் டிக்கெட் தருகிறார், முறையிட ஒரு டிப்போ இருக்கிறது, பருவச்சீட்டில் நாள்தோறும் வரும் உத்தியோகத்தர்கள் ஒருவரை ஒருவர் அறிந்திருக்கிறார்கள். நாள்தோறும் ஒரே வழியில் போகிறவர் என்றால் அந்த அறிமுகமே பெரிய காவல். நீங்கள் ஒருநாள் வராவிட்டால் 'ரீச்சரை இன்றைக்குக் காணவில்லை' என்று கேட்க ஆள் இருக்கும். எப்போதாவது போகிறவருக்கு இந்த வேறுபாடு அவ்வளவு இல்லை. நேரத்துக்கு வருவது எதுவோ அதில் ஏறலாம்.

டிக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பலர் அதைச் சுருட்டி ஜன்னலால் எறிந்துவிடுகிறார்கள். ஏதாவது நடந்து முறைப்பாடு கொடுக்கப் போனால், நீங்கள் அந்த நாளில் அந்த பஸ்ஸில் இருந்தீர்கள் என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே காகிதம் அதுதான். தனியார் பஸ்களில் பல வேளை டிக்கெட்டே தருவதில்லை. கேட்டு வாங்குங்கள். தராவிட்டால் ஏறும்போதே பஸ்ஸின் இலக்கத்தைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள்.

இருக்கை விடயத்தில் எல்லோரும் ஜன்னலோரம் என்பார்கள். பஸ் நிறைந்திருந்தால் அது சரி. நடைபாதை ஓரத்தில் இருப்பவரின் தோளில்தான் நிற்கிறவன் சாய்வான். பஸ் காலியாக இருந்தால் ஜன்னலோரம் ஒரு பொறி. பக்கத்தில் வந்து அமர்கிறவனைத் தாண்டாமல் எழும்பி வர முடியாது. இருபது இருக்கை வெறுமையாகக் கிடக்க உங்கள் அருகில் வந்து குந்துகிறவனிடம் நியாயம் எதிர்பார்க்க வேண்டியதில்லை, எழுந்து இடம் மாறுங்கள். இரண்டு நிலையிலும் பஸ்ஸின் முன்பாதியில், இன்னொரு பெண்ணுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தால் அதைவிட வேறொன்றும் வேண்டாம்.

ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2015 இல் இலங்கை முழுவதும் 2,500 பெண்களிடமும் சிறுமிகளிடமும் நடத்திய ஆய்வில், பஸ்ஸிலோ ரயிலிலோ ஒரு முறையாவது பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 90 சதவீதம். பொலிஸாரின் உதவியை நாடியவர்கள் வெறும் 4 சதவீதம். இடையில் இருக்கும் அத்தனை பேரும் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இறங்கும் இடம் வரட்டும் என்று இருந்திருப்பார்கள். வன்னி பஸ்ஸில் இதற்கு ஒரு மாற்று இருக்கிறது. "தள்ளி நில்லுங்கள் அண்ணை" என்று நாலு பேருக்குக் கேட்கும்படி சொல்லிப் பாருங்கள். முன்னிருக்கையில் சந்தைப் பையோடு இருக்கும் அம்மாமார் மிச்சத்தைப் பார்த்துக்கொள்வார்கள். அவர்கள் வாயிலிருந்து வருவதை இங்கே அச்சில் போட முடியாது. மெதுவாகச் சொன்னால்தான் அவனுக்குத் துணிவு வரும்.

ரயில்

வடக்குக்கான ரயில் பாதை 1990 இல் நின்றது. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி வரைக்கும், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரைக்கும் மறுபடி ஓடத் தொடங்கியது. கொழும்பிலிருந்து வன்னிக்கு வரும் பெண்ணுக்கு ஆசனம் பதிவுசெய்த ரயில் பெட்டியைவிட நல்ல வழி இல்லை என்பது என் எண்ணம். எழுந்து நடக்கலாம், வேறு பெட்டிக்குப் போகலாம், கழிவறை இருக்கிறது. கடைசியாகச் சொன்னது சின்ன விடயம் அல்ல. கழிவறைக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் பஸ்ஸில் வருகிற பெண்கள் எத்தனை பேர் என்று ஆண்களுக்குத் தெரியாது. பஸ்ஸை ஓரங்கட்டிப் பற்றைக்குள் போவது ஆண்களுக்கு எளிது. முகமாலைப் பக்கம் போலக் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நின்ற மண்ணில் அது அவர்களுக்கும் நல்லதல்ல.

பதிவுசெய்யாத மூன்றாம் வகுப்பு வேறு கதை. வெள்ளி மாலையிலும் ஞாயிறு மாலையிலும் விடுமுறைக்குப் போகும் படையினரும் மாணவர்களுமாகக் கதவு வரை நிறைந்து ஓடும்போது, நெரிசலில் அது தனியார் பஸ்ஸுக்குச் சளைத்ததல்ல.

ரயிலின் பலவீனம் அதன் நேரத்தில் இருக்கிறது. காலையில் கொழும்பு கோட்டையிலிருந்து புறப்படும் யாழ்தேவி வன்னியைப் பகல் வெளிச்சத்தில் கடந்துவிடும். இரவுத் தபால் ரயிலோ விடியுமுன் கொண்டுவந்து இறக்கும். இரவு பஸ்ஸும் அப்படித்தான். 'இரவில் ஏறினால் ஒருநாள் மிச்சம்' என்ற கணக்கு யாழ்ப்பாணத்துக்குப் போகிறவருக்குச் சரி, அவர் இறங்கும்போது கிழக்கு வெளுத்துவிடும். கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ இறங்குகிறவர் இருட்டில், அயர்ந்த கண்ணோடு, பொதியோடு நிற்பார். அந்த நேரத்தில் சந்தியில் விழித்திருப்பவை நாய்கள்தான், அவற்றோடு யாரென்று தெரியாத ஓரிரு மோட்டார் சைக்கிள்கள். இரவுப் பயணத்தைத் தவிர்க்கவே முடியாது என்றால், கூட்டிக்கொண்டு போக ஆள் வந்து நிற்கும் இடத்தில் மட்டும் இறங்குங்கள். ஆள் வர வழியில்லை என்றால் ரயில் நிலையத்துக்குள்ளேயே, அதிகாரியின் அறை தெரியும் இடத்தில், விடியும்வரை இருங்கள். பஸ்ஸில் வந்தால் கிளிநொச்சி நகரில், வைத்தியசாலை வாசலில் இறக்கிவிடச் சொல்லலாம். இரவு முழுக்க வெளிச்சமும் காவலாளியும் உள்ள இடம் அது. நோயாளியின் உறவினர் என்று நினைத்து யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

முறிகண்டி, அறிவியல்நகர் போன்ற சிறிய நிலையங்களில் எல்லா ரயிலும் நிற்பதில்லை. அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்களுக்கு வரும் புதிய மாணவிகள், எந்த ரயில் நிற்கும் என்பதை மூத்த மாணவிகளிடம் கேட்டுக்கொள்வது நல்லது. நிற்காத ரயிலில் ஏறிக் கிளிநொச்சியில் இறங்கிப் பின்னோக்கி வருவதென்றால் ஒரு ஆட்டோவும் ஒரு பேரமும் கூடும்.

முல்லைத்தீவுக்கு எந்த வழி

முல்லைத்தீவு நகருக்கு ரயில் இல்லை. ஏ9 இலிருந்து இரண்டு பெரிய வழிகள் பிரிகின்றன. மாங்குளத்தில் பிரியும் ஏ34 ஒட்டுசுட்டான் வழியாகப் போகிறது. பரந்தனில் பிரியும் ஏ35 தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாகப் போகிறது. இரண்டும் ஏறத்தாழ 50 கிலோமீற்றர். தூரம் ஒன்றே என்றாலும் தனியே போகும் பெண்ணுக்கு இவை ஒன்றல்ல.

ஏ35 ஓரம் நெடுக வீடும் கடையும் பாடசாலையும் கோயிலும். பஸ் பழுதடைந்து நின்றாலும் நடந்து போய் ஒரு கடை வாசலில் இருக்கலாம். ஏ34 இல் மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடையில் காடு வீதிக்கு வந்து முட்டி நிற்கும். கைத்தொலைபேசிக்குச் சிக்னல் விட்டுவிட்டு வரும். மாலையானால் யானை கடக்கும். புளியங்குளத்தில் பிரிந்து நெடுங்கேணி வழியாகப் போகும் பாதையும் இப்படித்தான். யாழ்ப்பாணப் பக்கமிருந்து வருகிறவர் யோசிக்க ஒன்றுமில்லை, பரந்தன் வழிதான். வவுனியாவிலிருந்து வருகிறவருக்கு மாங்குளம் வழி கிட்ட. முற்பகலில் அதில் தாராளமாகப் போகலாம். பிற்பகல் நான்கு மணிக்குப் பிறகு மாங்குளத்தில் பஸ் மாறவேண்டி வந்தால், ஏ9 வழியே பரந்தன் வரை போய்த் திரும்புவதை நான் தேர்வேன். சுற்றுத்தான், பணமும் கூடும். அப்படிச் செய்கிற பெண்ணைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் மாங்குளம் சந்தியில் இருட்டில் நின்றவர்கள் அல்லர்.

பகலில் காத்திருக்க வேண்டி வந்தால் முறிகண்டியைப்போல் வசதியான இடம் ஏ9 இல் குறைவு. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் சாரதிமார் அந்த இடத்தைத் தாண்ட விரும்புவதில்லை, எனவே வண்டிகள் நின்று நின்று போகும். கச்சான் விற்கும் பெண்கள் வரிசையாக இருக்கிறார்கள். ஒரு சுருள் கச்சான் வாங்கிக்கொண்டு அவர்கள் பக்கத்தில் இருந்தால் யாரும் நெருங்கமாட்டார்கள், எந்த பஸ் எப்போது வரும் என்பதையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

சந்திக்குப் பிறகு

கடைசி மூன்று நாலு கிலோமீற்றருக்கு ஆட்டோ அல்லது சொந்த ஸ்கூட்டி. நடையையும் ஒரு தெரிவாகச் சேர்ப்பவர்கள் உண்டு. பகலில், பாடசாலை விடும் நேரத்தில் அது சரி.

ஆட்டோவில் தரிப்பிட ஆட்டோ வேறு, வழியில் வந்து நிறுத்தும் ஆட்டோ வேறு. தரிப்பிடத்தில் நிற்பவரை மற்றச் சாரதிகளுக்குத் தெரியும், எதிரே உள்ள தேநீர்க் கடைக்காரருக்குத் தெரியும். யார் யாரை ஏற்றிக்கொண்டு எந்தப் பக்கம் போனார் என்பது பத்துப் பேர் கண்ணில் பட்டிருக்கும். வன்னியில் 'நீ யாருடைய பிள்ளை, எந்த ஊர்' என்று கேட்டுத் தொலைக்கும் வழக்கம் எரிச்சல் தருவதுதான், அதைப் பற்றித் தனியாகவே புலம்பலாம். ஆனால் ஆட்டோவில் ஏறும்போது அதே வழக்கம் உங்கள் பக்கம் நிற்கிறது. சாரதி கேட்பதற்கு முன் நீங்களே கேளுங்கள்: "அண்ணை எந்த இடம்? இன்னாரைத் தெரியுமா?" தெரிந்தவர் ஒருவரின் பெயர் நடுவில் விழுந்ததும் கூலிகூடக் கொஞ்சம் இறங்கும்.

வழியில் தானாக வந்து நிறுத்தி "தங்கச்சி, அந்தப் பக்கம்தான் போகிறேன், ஏறுங்கள்" என்கிற ஆட்டோவுக்கு இந்தக் கண்காணிப்பு எதுவும் இல்லை. நல்லவராகவே இருக்கலாம். ஏறாவிட்டால் அவருக்கு ஒரு நட்டமும் இல்லை. ஏற்கெனவே ஒரு ஆண் உள்ளே இருக்கும் ஆட்டோவுக்கும் இதுவே பதில். எதில் ஏறினாலும் இலக்கத்தை வீட்டுக்கு அனுப்புங்கள், அதைச் சாரதிக்குக் கேட்கும்படி தொலைபேசியில் வாசித்தே சொல்லுங்கள். கூலியை ஏறுமுன் பேசி முடியுங்கள். இறங்கும் இடத்தில், இருட்டில், மிகுதிக்காசுக்காக வாதாடும் நிலை வரக்கூடாது.

என்றாலும் என் வாக்கு ஸ்கூட்டிக்குத்தான், ஒரு நிபந்தனையோடு: அது சந்தி வரை மட்டும். காலையில் வீட்டிலிருந்து ஓட்டிவந்து சந்தியில் தெரிந்தவர் கடையிலோ வீட்டிலோ விட்டுவிட்டு பஸ் ஏறுவது, மாலையில் எடுத்துக்கொண்டு திரும்புவது. ஆளில்லாத அந்தத் துண்டில் யாரையும் நம்பியிருக்கத் தேவையில்லை. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இப்போது இப்படிப் போகும் பெண்கள் அதிகம். தொடக்கத்தில் ஊர் வாய் வைத்தது, பிறகு அதே ஊர் "பிள்ளை, வரும்போது மருந்து வாங்கி வா" என்று காசு கொடுத்தது.

முழுத் தூரத்தையும் ஸ்கூட்டியில் ஓடுவது வேறு. 40, 50 கிலோமீற்றரில் டயர் காற்றுப்போனால் எங்கே ஒட்டுவது? இரவில் மாடுகள் தார் வீதியில் படுத்திருக்கும், அறுவடைக் காலத்தில் பாதி வீதியில் நெல் காயும். இவற்றோடு சங்கிலி அறுக்கிறவர்கள். பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்து கழுத்தில் கை போடும்போது போவது நகை மட்டும் அல்ல, ஓடும் வண்டியிலிருந்து விழுவதுதான் ஆளை முடக்குகிறது. தாலிக்கொடியை வீட்டில் கழற்றி வைப்பதை மாமியார் ஒத்துக்கொள்ளமாட்டார் என்றால், கழுத்து வரை மூடும் மேற்சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். வெயிலுக்கும் நல்லது.

மாதக்கூலி வான் யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிப் பாடசாலைகளுக்கு வரும் ஆசிரியர்களின் வழி. வீட்டு வாசலிலிருந்து பாடசாலை வாசல் வரை கூட்டமாகப் போய் வரலாம், மாறவேண்டிய சந்தியே இல்லை. பாதுகாப்பு மட்டும்தான் அளவுகோல் என்றால் இதற்குப் போட்டி கிடையாது. பணம் கூட, சாரதி தூங்கிவழிகிறாரா என்பதையும் பார்க்கவேண்டும், கடைசிப் பாடம் நீண்டால் மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள்.

ஏதாவது நடந்தால்

பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக் கோவையின் 345 ஆம் பிரிவின் கீழ் குற்றம். 1995 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஐந்து ஆண்டுகள் வரை சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும். 'உரசியதற்கெல்லாம் பொலிஸா' என்கிறவருக்கு இந்த எண்ணைச் சொல்லலாம். பஸ் நெரிசலில் நடந்தால் முதலில் நடத்துநரிடம் சொல்லுங்கள், பஸ்ஸை அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் நிறுத்தச் சொல்லிக் கேட்கலாம். அவசரத்துக்கு 119, காயம் என்றால் 1990 அம்புலன்ஸ், பெண்களுக்கான அரசாங்க உதவி எண் 1938. பஸ் சேவை பற்றிய முறைப்பாடுகளுக்குத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955.

பொலிஸ் நிலையம் என்றதும் தயங்குவதற்கு வன்னிப் பெண்களுக்குப் பழைய காரணங்கள் நிறைய உண்டு, மொழியும் அவற்றில் ஒன்று. தமிழில் முறைப்பாடு கொடுப்பது உங்கள் உரிமை. விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். பெண் உத்தியோகத்தர் வேண்டும் என்று கேளுங்கள். தனியே போக மனமில்லை என்றால், பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். அவரிடம் முதலில் போவது பலருக்கு எளிதாக இருக்கிறது.

மாரியில்

மேலே சொன்ன எல்லாமே மாசி முதல் புரட்டாதி வரைக்கும். ஐப்பசியிலிருந்து கணக்கு மாறும். ஆறு மணிக்கே இருட்டிவிடும், பஸ் பிந்தும், உள்வீதி சேறாகும், ஸ்கூட்டி சந்தி வரைக்கும்கூட வராது. ஏ35 இல் நந்திக்கடலைக் கடக்கும் தாழ்ந்த வட்டுவாகல் பாலத்துக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தால் அந்த வழியே அடைபடும். காட்டு வழி என்று மேலே தள்ளிவைத்த ஏ34 இல் அப்போது திரும்பவேண்டியிருக்கும். அந்த நாட்களில் முற்பகலில் மட்டும் புறப்படுங்கள்.

நாள்தோறும் போய் வருகிறவர்கள் இந்த மாரி மாதங்களுக்கு மட்டும் தங்குவதைப் பற்றி யோசிக்கலாம். ஏ9 ஓர விடுதிகளை மாதக்கணக்கில் இருக்க நான் சொல்லமாட்டேன், அவை வழிப்போக்கர்களுக்கானவை. பிள்ளைகள் வெளிநாடு போய்விட்ட வயதான தம்பதி இருக்கும் வீட்டில் ஓர் அறை, இன்னொரு ஆசிரியையோடு பகிர்ந்தால் இன்னும் நல்லது. பார்க்கப் போகும்போது அறைக்கு உள்ளிருந்து போடும் தாழ்ப்பாள் இருக்கிறதா, கழிவறை வீட்டுக்குள்ளேயா வளவின் மூலையிலா, அதுவரை விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். வாடகையை அதற்குப் பிறகு பேசலாம்.